அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு எழுத்து வகுப்பு: புதிதாகச் சேருபவர்களுக்கு

"கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வந்திருக்கேன். எனக்கு எதுக்கு இங்கிலீஷ் கிளாஸ்?"

ஒவ்வொரு ஆகஸ்டிலும் இந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. அமெரிக்காவில் இளங்கலை படிக்க வரும் நம் பிள்ளைகள் எந்தத் துறையில் சேர்ந்தாலும், பெரும்பாலான கல்லூரிகளில் முதலாண்டு எழுத்து வகுப்பை முடித்தாக வேண்டும். ஹார்வர்டில் 1885இல் 'இங்கிலீஷ் ஏ' என்று முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வகுப்பு தொடங்கினார்கள். அந்த வழக்கம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. இன்று இங்கிலீஷ் 101, காம்போசிஷன், ஃபர்ஸ்ட் இயர் ரைட்டிங் என்று ஊருக்கு ஒரு பெயர். ஷேக்ஸ்பியர் நடத்தும் வகுப்பும் இல்லை, இலக்கணம் நடத்தும் வகுப்பும் இல்லை. வாசித்து, யோசித்து, உங்களுக்கென்று ஒரு கருத்தை எடுத்து, அதை ஆதாரத்தோடு எழுதக் கற்றுத்தரும் வகுப்பு.

சில வருடங்களாக நான் இந்த வகுப்பை நடத்துகிறேன். நம் ஊரிலிருந்து வரும் மாணவர்கள் ஆங்கிலம் தெரியாமல் இதில் தோற்று நான் அதிகம் பார்த்ததில்லை. வகுப்பின் விதிகள் புரியாமல், புரியவில்லை என்று சொல்லவும் தயங்கி, வாய்மூடி இருந்து தோற்றவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் விதிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாரம்: சிலபஸை உட்கார்ந்து படியுங்கள்

நம் ஊரில் சிலபஸ் என்றால் ஐந்து யூனிட், அவற்றுக்கான தலைப்புகள், கடைசியில் சில புத்தகப் பெயர்கள். பரீட்சைக்கு முன்னால்தான் அதைத் தேடுவோம். இங்கே அதே சொல்லுக்கு வேறு பொருள். எத்தனை நாள் வராமல் இருக்கலாம், கட்டுரை தாமதமானால் எவ்வளவு மதிப்பெண் போகும், எதற்கு எத்தனை சதவீதம், செல்போன் எடுக்கலாமா, ஏஐ பயன்படுத்தலாமா, ஆசிரியரை எப்போது எங்கே பார்க்கலாம் என்று எல்லாமே அதில் இருக்கும். பத்துப் பக்கம்கூட வரும். "அது எனக்குத் தெரியாதே" என்று டிசம்பரில் சொன்னால், "சிலபஸில் இருக்கிறதே" என்பதுதான் பதில்.

அதனால் முதல் வாரமே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தேதி போட்ட எல்லாவற்றையும் போன் காலண்டரில் ஏற்றுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு நினைவூட்டல் வையுங்கள். படிக்கும்போது புரியாத வரிகளுக்கு அடிக்கோடு போட்டு, இரண்டாவது வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள். சிலபஸைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கும் மாணவரை எந்த ஆசிரியருக்கும் பிடிக்கும்.

அப்புறம் நேரக் கணக்கு. மூன்று கிரெடிட் பாடம் என்றால் வாரம் மூன்று மணி நேரம் வகுப்பு. ஒவ்வொரு வகுப்பு மணிக்கும் வெளியே குறைந்தது இரண்டு மணி நேர வேலை என்பதுதான் அமெரிக்க அரசு கிரெடிட்டுக்குத் தரும் விளக்கம். ஆக, வாரம் ஒன்பது மணி நேரம். கணக்குப் பாடத்துக்கு நேரம் ஒதுக்கிவிட்டு எழுத்து வகுப்பை 'மிச்ச நேரத்தில்' பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் நான்காவது வாரத்தில் மூச்சுத் திணறுகிறார்கள்.

பெயரும் அழைப்பும்

சின்ன விஷயம்தான், ஆனால் முதல் நாளே வரும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருந்தால், வகுப்புப் பட்டியலிலும் அது அப்படியே ஏறும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் என்றால், விசாவில் அது குடும்பப் பெயராகி, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று விழும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஆசிரியர் அதையே உங்கள் பெயர் என்று நினைத்துக் கூப்பிடலாம். கூச்சப்படாமல் முதல் நாளே திருத்துங்கள்: "என்னை இப்படிக் கூப்பிடுங்கள்." பல கல்லூரிகளில் இணையதளக் கணக்கிலேயே அழைக்கும் பெயரை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

ஆசிரியரை 'சார்', 'மேடம்' என்று கூப்பிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் இங்கே வழக்கம் 'புரொஃபசர்' என்று சொல்லி அவருடைய குடும்பப் பெயரைச் சேர்ப்பது. வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று அவரே சொன்னால் தயங்காமல் கூப்பிடலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வருகையும் வாய் திறப்பதும்

75 சதவீத வருகை, குறைந்தால் பணம் கட்டிச் சரிசெய்வது, ஓடி வாங்கும் 'ஆன் டியூட்டி' கையெழுத்து எதுவும் இங்கே இல்லை. வருகை விதியைப் பல இடங்களில் ஆசிரியரோ துறையோ வகுக்கிறது. வாரம் இரண்டு முறை கூடும் வகுப்பில் மூன்று நான்கு நாள் வரை பரவாயில்லை, அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் இறுதி கிரேடு இறங்கும் என்பது அடிக்கடி காணும் விதி. தாமதமாக வருவதையும் சிலர் கணக்கில் வைப்பார்கள். உடம்பு சரியில்லாமல் போகும் நாளுக்காக அந்த மூன்று நாளைச் சேமித்து வையுங்கள். செப்டம்பரிலேயே தூக்கத்துக்குச் செலவழித்துவிடாதீர்கள்.

வகுப்பில் பெரும்பாலும் 20, 25 பேர்தான் இருப்பார்கள். வட்டமாக உட்கார்ந்து பேசும் வகுப்பு. பங்கேற்புக்கு மதிப்பெண் உண்டு, பத்து சதவீதம்கூட இருக்கும். அமைதியாக உட்கார்ந்து கவனிப்பதை நாம் ஒழுக்கம் என்று கற்றோம். இங்கே அதையே 'படிக்காமல் வந்திருக்கிறார்' என்று எடுத்துக்கொள்வார்கள். பெரிதாக எதுவும் பேச வேண்டியதில்லை. முந்தின இரவு வாசிக்கும்போது ஒரு பத்தியைக் குறித்து, "இந்த இடத்தில் ஆசிரியர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை, ஏனென்றால்..." என்று ஒரே வாக்கியம் எழுதி வையுங்கள். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிடுங்கள். முதலில் பேசினால் பயம் போய்விடும். கடைசியில் பேசலாம் என்று காத்திருந்தால் நீங்கள் நினைத்ததை வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

ஆஃபீஸ் ஹவர்ஸ்

ஒவ்வொரு ஆசிரியரும் வாரத்தில் சில மணி நேரம் தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவர்களுக்காக உட்கார்ந்திருப்பார். தப்பு செய்தவரைக் கூப்பிட்டுத் திட்டும் ஸ்டாஃப் ரூம் இல்லை அது.

திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு பையன் பத்து வாரம் என் அறைப் பக்கமே வரவில்லை. இரண்டு கட்டுரைகளில் சறுக்கிய பிறகு வாசலில் வந்து நின்றான்.

"உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் வரலை, மேடம்."

"தொந்தரவு பண்றதுக்குத்தான் தம்பி இந்த நேரமே. உள்ள வா."

இருபது நிமிடம் பேசினோம். அவனுக்கு இருந்த குழப்பம் ஒன்றே ஒன்று. கட்டுரைக்கான கேள்வியில் 'அனலைஸ்' என்று இருந்ததை 'சுருக்கம் எழுது' என்று புரிந்துகொண்டிருந்தான். மூன்றாவது வாரம் வந்திருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நானே அவனைக் கூப்பிட்டிருக்கலாம். இப்போதெல்லாம் முதல் மாதத்துக்குள் எல்லோரும் ஒருமுறை வந்து போக வேண்டும் என்று விதியாகவே வைத்திருக்கிறேன். உங்கள் ஆசிரியர் அப்படி வைக்காவிட்டாலும் நீங்களே போங்கள். கையில் கட்டுரைக் கேள்வியும் நீங்கள் எழுதிய ஒரு பத்தியும் இருந்தால் போதும்.

பெரும்பாலான கல்லூரிகளில் ரைட்டிங் சென்டரும் இருக்கும். இலவசம். பயிற்சி பெற்ற சீனியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கட்டுரையை உங்களோடு சேர்ந்து வாசிப்பார்கள். பிழை திருத்திக் கையில் கொடுக்க மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை. "இந்தப் பத்தி எதற்கு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் கட்டுரை தெளிவாகும். கடைசித் தேதிக்கு முந்தின நாள் இடம் கிடைக்காது, ஒரு வாரம் முன்பே பதிவு செய்யுங்கள்.

கட்டுரையில் என்ன எதிர்பார்க்கிறார்கள்

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளியில் எழுதினோம். முன்னுரையில் ஒரு குறள், பிறகு 'மனித வாழ்வில் நீர் இன்றியமையாதது' என்பது போல யாரும் மறுக்க முடியாத ஒரு வாக்கியம். இங்கே முதல் பத்தியிலேயே உங்கள் நிலைப்பாடு வந்துவிட வேண்டும். அதை 'தீசிஸ்' என்பார்கள். நல்ல தீசிஸுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு: விவரம் தெரிந்த ஒருவர் அதை மறுத்துப் பேச முடியுமா?

'சமூக ஊடகத்தில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு.' இதை யார் மறுப்பார்கள்? அதனால் இது தீசிஸ் இல்லை. 'பள்ளிகளில் போனைத் தடை செய்வது பிள்ளைகளின் கவனத்தைவிட ஆசிரியர்களின் வேலைச் சுமையைத்தான் அதிகம் மாற்றுகிறது.' இதோடு சண்டை போடலாம், ஆதாரம் கேட்கலாம். இதுதான் வேண்டும்.

இரு தரப்பையும் சொல்லி நடுவில் நிற்பதைப் பண்பு என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள். எதிர்த்தரப்பை மதித்து எழுதுங்கள், நிச்சயமாக. ஆனால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 'நான்' என்று எழுதலாமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். பல ஆசிரியர்கள் அனுமதிப்பார்கள், சிலர் மாட்டார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

மொழிநடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஆங்கிலத்தில் சில வழக்குகள் இங்கே வேறு பொருள் தரும். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2023' என்றால் 2023இல் மயங்கி விழுந்தேன் என்று அர்த்தமாகிவிடும். லட்சம், கோடிக் கணக்கும் புரியாது. இவற்றை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் ஆங்கிலமே மட்டம் என்று நினைத்துச் சுருங்கிவிடாதீர்கள். மாணவர்களுக்குத் தங்கள் சொந்த மொழிநடைக்கு உரிமை உண்டு என்று அமெரிக்கக் கல்லூரி எழுத்து ஆசிரியர்களின் மாநாட்டு அமைப்பே 1974இல் தீர்மானம் போட்டிருக்கிறது. எல்லா ஆசிரியர்களும் அதே மனதோடு திருத்துவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பக்கம் நிற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

டிராஃப்டும் பியர் ரிவ்யூவும்

ஒரே இரவில் எழுதிக் காலையில் கொடுக்கும் வேலை இங்கே நடக்காது. முதல் டிராஃப்ட், சக மாணவர்களின் கருத்து, ஆசிரியரின் கருத்து, இறுதி வடிவம் என்று ஒரு கட்டுரை மூன்று நான்கு வாரம் ஓடும். இடையில் உள்ள ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் இருக்கலாம். முதல் டிராஃப்ட் கோணல்மாணலாக இருந்தால் பரவாயில்லை, ஆனால் முழுசாக இருக்க வேண்டும். அரைப் பக்கம் கொண்டுவந்தால் யாரும் உங்களுக்கு உதவ முடியாது.

பியர் ரிவ்யூ அன்று நம் பிள்ளைகள் அடுத்தவர் கட்டுரையில் 'நன்றாக இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். மனம் புண்படக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். அதனால் அவருக்கும் பலன் இல்லை, உங்களுக்கும் மதிப்பெண் இல்லை. 'மூன்றாவது பத்தியில் எனக்கு வழி தவறிவிட்டது. பேருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள், திடீரென்று வாடகைக்குப் போய்விட்டீர்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு?' இப்படி எழுதுங்கள். வாசித்தபோது உங்களுக்கு என்ன ஆனது என்று சொல்வதில் யார் மனமும் புண்படாது.

இறுதி வடிவத்தைக் கொடுக்கும்போது தாளின் தோற்றத்துக்கும் விதி உண்டு. எம்எல்ஏ முறை (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் என்ற அமைப்பு வகுத்த எழுத்து விதிகள்) என்றால் நான்கு பக்கமும் ஒரு அங்குல இடம், வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி, வலது மேல் மூலையில் குடும்பப் பெயரும் பக்க எண்ணும். பர்டியூ பல்கலைக்கழகத்தின் 'ஆவ்ல்' என்ற இணைய எழுத்துதவித் தளத்தில் மாதிரிப் பக்கமே இருக்கிறது. அதைப் பார்த்து ஒருமுறை கோப்பு தயாரித்து வைத்துக்கொண்டால் வருடம் முழுக்க உதவும்.

அடுத்தவர் எழுத்தை எடுத்தாளும்போது

கட்டுரையில் இதுதான் அதிகக் கவனம் வேண்டிய இடம். நம் ஊரில் அசைன்மென்ட்டை ஒருவர் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதுவது நட்பின் பகுதி. கைடு புத்தகத்தில் உள்ளதை வரி மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண். இங்கே அதே செயல் ஒழுங்கு விசாரணை வரை போகும். முதல் முறையே அந்தக் கட்டுரைக்குச் சுழியம் விழலாம், பாடத்திலேயே தோற்கலாம். 'தெரியாமல் செய்தேன்' என்பது பல இடங்களில் தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது.

வேண்டுமென்றே திருடுகிறவர்கள் குறைவு. வார்த்தைகளை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்து மாட்டுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் வாசித்த கட்டுரையில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள்:

'பேருந்துக் கட்டணத்தை நீக்கியபோது முதலில் பயன்பெற்றவர்கள் இரவு வேலைக்குப் போகும் தொழிலாளர்கள்.'

மாணவர் எழுதுவது: 'பஸ் கட்டணத்தை ரத்து செய்தபோது முதலில் நன்மை அடைந்தவர்கள் இரவுப் பணிக்குச் செல்லும் பணியாளர்கள்.' வாக்கியம் அதே வாக்கியம், சட்டை மட்டும் மாற்றியிருக்கிறார். இதுவும் திருட்டுக் கணக்கில்தான் சேரும்.

சரியான வழி இது. அந்தப் பத்தியை இரண்டு முறை வாசியுங்கள், மூடி வையுங்கள், ஒரு நண்பரிடம் சொல்வது போல எழுதுங்கள்: 'இலவசப் பேருந்தால் யாருக்கு லாபம் என்று பார்க்கும்போது, பகலில் பயணிப்பவர்களைவிட இரவு ஷிஃப்டுக்குப் போகிறவர்களையே கட்டுரையாளர் முன்னால் நிறுத்துகிறார்.' முடிவில் அடைப்புக்குறிக்குள் எழுதியவரின் குடும்பப் பெயரும் பக்க எண்ணும். எம்எல்ஏவில் இரண்டுக்கும் நடுவே காற்புள்ளி கிடையாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறை என்றால் பெயர், காற்புள்ளி, ஆண்டு. சொந்த வார்த்தையில் எழுதினாலும் மூலத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

இன்னொன்று: ஒரு வகுப்புக்கு எழுதிய கட்டுரையை இரண்டு ஆசிரியர்களிடமும் கேட்காமல் இன்னொரு வகுப்பில் கொடுப்பதும் தவறுதான். நீங்களே எழுதியதாக இருந்தாலும்.

ஏஐ விஷயத்தில் வகுப்புக்கு வகுப்பு விதி மாறும். ஒருவர் முற்றிலும் தடை செய்வார், இன்னொருவர் யோசனை திரட்ட மட்டும் விடுவார், வேறொருவர் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று குறிப்பு எழுதச் சொல்வார். தமிழில் எழுதி ஆங்கிலத்துக்கு மாற்றுவதும் சில வகுப்புகளில் இதே விதிக்குள் வரும், முன்பே கேளுங்கள். கட்டுரையைக் கூகுள் டாக்ஸ் போன்ற ஒன்றில் எழுதினால் எப்போது என்ன மாற்றினீர்கள் என்ற வரலாறு தானாகச் சேமிக்கப்படும். யாராவது சந்தேகப்பட்டால், உங்கள் உழைப்பைக் காட்ட அதுவே சாட்சி.

தாமதமானால்

'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் விடுப்புக் கடிதம் நமக்கெல்லாம் மனப்பாடம். அதை இங்கே அனுப்பாதீர்கள். காய்ச்சல் எத்தனை டிகிரி என்பது ஆசிரியருக்குத் தேவையில்லை. எந்தக் கட்டுரை, இதுவரை எவ்வளவு முடித்திருக்கிறீர்கள், எப்போது தருவீர்கள் என்ற மூன்றும்தான் வேண்டும். இப்படி இருந்தால் போதும்:

'புரொஃபசர், திங்கள் புதன் காலை வகுப்பில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை தர வேண்டிய இரண்டாவது கட்டுரையில் மூன்று பக்கம் முடித்துவிட்டேன், இணைத்திருக்கிறேன். உடல்நலக் குறைவால் மீதியை ஞாயிறு இரவுக்குள் தர அனுமதி கேட்கிறேன்.'

கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்பாவது அனுப்புங்கள். முன்னால் வரும் மெயிலுக்கும் பின்னால் வரும் மெயிலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெரும்பாலும் கடைசி நேரம் இரவு 11:59. பதினொன்று ஐம்பத்தைந்துக்கு வைஃபை போகும் என்றே எண்ணி எட்டு மணிக்குப் பதிவேற்றிவிடுங்கள். ஏற்றிய கோப்பைத் திறந்து பார்த்துச் சரியான கோப்புதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீண்ட நாள் நோய், வாசிப்பதில் அல்லது கவனத்தில் குறைபாடு, மனச்சோர்வு போன்றவை இருந்தால் கல்லூரியின் மாற்றுத்திறன் உதவி அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். சட்டப்படி அவர்கள் உதவியாக வேண்டும். வீட்டில் இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்று வளர்ந்திருப்போம். இங்கே அது ரகசியமாகவே இருக்கும், என்ன நோய் என்று ஆசிரியருக்குக்கூடத் தெரியாது.

கிரேடும் விசாவும்

இங்கே அரியர் தேர்வு கிடையாது. தோற்றால் முழுப் பாடத்தையும் மறுபடி படிக்க வேண்டும், கட்டணமும் மறுபடி. பல கல்லூரிகள் இந்த வகுப்பில் 'சி' வாங்கினால்தான் தேறியதாக எடுத்துக்கொள்கின்றன. மதிப்பெண்ணைப் பற்றிப் பேச அப்பாவை விட்டு ஆசிரியருக்குப் போன் செய்யச் சொல்லாதீர்கள். 1974இல் வந்த ஃபெர்பா சட்டத்தின்படி கல்லூரி மாணவரின் பதிவுகள் மாணவருக்கே உரியவை. பொதுவாக உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஆசிரியர் பெற்றோரிடம் பேச மாட்டார்.

எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் நிலைமை கைமீறியதாகத் தோன்றினால் 'வித்ட்ரா' செய்ய, அதாவது பாடத்திலிருந்து விலகிக்கொள்ள, ஒரு கடைசித் தேதி இருக்கும். ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் அந்த பட்டனை அழுத்தும் முன் நிறுத்துங்கள். இளங்கலை மாணவர் ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட் படித்தாக வேண்டும். அதில் ஆன்லைன் பாடம் ஒன்றுதான், மூன்று கிரெடிட் வரைதான், கணக்கில் சேரும். அனுமதி வாங்காமல் 12க்குக் கீழே இறங்கினால் விசா நிலையே போய்விடும்.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஆரம்பச் சிரமம், வாசிப்புச் சுமை, அமெரிக்கக் கற்பித்தல் முறை பழக்கமின்மை ஆகிய காரணங்களுக்காகப் பாடச்சுமையைக் குறைத்துக்கொள்ள விதியிலேயே இடம் இருக்கிறது. குறைந்தது ஆறு கிரெடிட்டாவது படிக்க வேண்டும், ஒரு படிப்பு நிலையில் ஒரு முறைதான். அந்த அனுமதியைத் தருபவர் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் அதிகாரி. அவரை 'டிஎஸ்ஓ' என்பார்கள், விசாவுக்காகக் கல்லூரி உங்களுக்குத் தந்த ஐ-20 படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராக இருப்பார். அவர் அலுவலகத்தின் மெயிலையும் போன் எண்ணையும் வகுப்பு தொடங்கும் முன்பே போனில் சேமித்து வையுங்கள்.